முதிய குதிரையை வலியில்லாமல் வழியனுப்புதல்: மலையகத்தில் குதிரை வளர்ப்போருக்கான முழுமையான வழிகாட்டி

குதிரை இருபத்தைந்து வயதைத் தாண்டிவிட்டால், அதன் கடைசி நாள் எப்படி அமைய வேண்டும் என்பதை வளர்ப்பவர் முன்கூட்டியே யோசித்து வைக்க வேண்டும். வீட்டில் யாரும் விரும்பிப் பேசுகிற விஷயம் இல்லைதான். ஆனால் பேசாமல் விட்டால், ஐப்பசி மழையில் நள்ளிரவில் சேற்றுக்குள் விழுந்த குதிரை எழும்ப முடியாமல் கால்களை உதறிக்கொண்டிருக்கும். வைத்தியரின் தொலைபேசி எடுபடாது. குழி வெட்ட இடம் பேசியிருக்காது. விடியும்போது குதிரையும் வீட்டாரும் ஒன்றாகச் சோர்ந்து கிடப்பார்கள். கருணைக்கொலை கொடுமையாக முடிந்தது என்று சொல்லப்படும் சம்பவங்களில் பெரும்பாலானவை ஊசியால் கெட்டவை அல்ல, அதற்கு முன் தீர்க்காமல் விட்ட காரியங்களால் கெட்டவை.

நுவரெலியா ரேஸ்கோர்ஸில் ஓடி ஓய்ந்த பந்தயக் குதிரை, கிரகரி வாவிக் கரையில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றும் மட்டக்குதிரை, தோட்டத்து பங்களாவில் வளரும் குதிரை எல்லாவற்றுக்கும் இந்த வழிகாட்டி பொருந்தும். ஊசி போடுவது பதிவுபெற்ற கால்நடை வைத்தியரின் வேலை மட்டுமே. மருந்து அளவுகளை இங்கே சொல்வது, அவர் என்ன செய்கிறார், ஏன் செய்கிறார் என்று நீங்கள் விளங்கிக்கொள்ளவும், தேவையானதை முன்கூட்டியே தயார்பண்ணவும்தான்.

நேரம் வந்துவிட்டதா?

வயதை மட்டும் பார்த்துத் தீர்மானிக்காதீர்கள். முப்பது வயதிலும் நன்றாக மேயும் மட்டக்குதிரைகள் உண்டு. பல் போவதும் தனியாக ஒரு காரணம் இல்லை. குதிரையின் பல் வாழ்நாள் முழுவதும் தேய்ந்துகொண்டே வரும், கடைசியில் அரைக்க எதுவும் மிஞ்சாது. அப்போது புல்லை மென்று, ஈர உருண்டையாக வாயிலிருந்து கீழே போட்டுவிடும். ஊறவைத்துக் கூழாக்கிய தீனி கொடுத்தால் இதைப் பல மாதம், சிலநேரம் ஆண்டுக்கணக்கில் சமாளிக்கலாம். கூழ்த்தீனி கொடுத்தும் விலா எலும்பும் இடுப்பெலும்பும் துருத்திக்கொண்டே வந்தால்தான் அது வேறு கதை.

அதிகம் கவனிக்க வேண்டியது படுத்து எழும்புவதை. குதிரை நின்றபடியே கண்ணயரும், ஆனால் ஆழ்ந்த தூக்கத்துக்குப் படுத்தே ஆக வேண்டும். மூட்டுவலி முற்றிய குதிரை, படுத்தால் எழும்ப ஏலாது என்று படுக்கவே பயப்படும். பல நாள் தூக்கம் கெட்டு, நின்ற நிலையில் கண்ணயரும்போது முன்கால்கள் மடங்கி விழும். முன்கால் மூட்டின் முன்பக்கத்தில் அடிக்கடி புதுச் சிராய்ப்புகள் தெரிந்தால், யாரோ அடித்தார்கள் என்று நினைக்க வேண்டாம். அநேகமாக இதுதான் காரணம்.

குளம்பழற்சி (குளம்புக்குள் வரும் கடும் வலியுள்ள அழற்சி) வந்த குதிரை முன்கால்களை முன்னே நீட்டி, பாரத்தைப் பின்னுக்குத் தள்ளி நிற்கும். திரும்பச் சொன்னால் மறுக்கும். முதிய குதிரைகளில் இது பெரும்பாலும் பிட்யூட்டரிச் சுரப்பிக் கோளாறோடு சேர்ந்து வரும். உதிராத நீண்ட சுருள் மயிர், அதிகத் தாகம், முதுகுச் சதை கரைவது எல்லாம் அதன் அடையாளங்கள். வலிநிவாரணி முழு அளவில் கொடுத்தும் ஒரு தொட்டியிலிருந்து மறு தொட்டிக்கு நடக்க மறுக்கும் குதிரைக்கு, இனி மருந்தைக் கூட்டிப் பயனில்லை. வயிற்றில் புண்ணும் சிறுநீரகப் பாதிப்பும்தான் மிஞ்சும். மனிதருக்கான வலி மாத்திரையை உடைத்துக் கொடுக்கவே வேண்டாம்.

சுவரில் ஒரு நாட்காட்டி மாட்டி, குதிரை சாப்பிட்டு, நடந்து, படுத்து எழும்பிய நாளுக்கு ஒரு வட்டமும், அப்படியில்லாத நாளுக்கு ஒரு பெருக்கல் குறியும் போடுங்கள். தினமும் பார்ப்பவர் கண்ணுக்கு மெல்ல மெல்ல வரும் சரிவு தெரியாது, நாட்காட்டி அதைக் காட்டிக்கொடுக்கும். ஒரு கிழமையில் மூன்று பெருக்கல் குறி விழுந்தால் வைத்தியரை அழைத்துக் கதையுங்கள்.

நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. தை, மாசியில் விடியற்காலை உறைபனி விழும். மெலிந்த குதிரை அந்தக் குளிரைத் தாங்க, உடம்பில் மிச்சமிருக்கும் சதையையும் எரித்துவிடும். ஆகவே கார்த்திகையிலேயே தள்ளாடும் குதிரையைப் பங்குனி வெயில் வரை இழுத்துப் பார்ப்பது அதற்குச் செய்யும் நன்மை என்று நாங்கள் நினைக்கவில்லை. மலையகத்தில் தீர்மானத்தை மழைக்கும் பனிக்கும் முன்னால் எடுங்கள்.

அவசரம் வேறு மாதிரி வரும். ஆரோக்கியமான குதிரைக்கு நாடி நிமிடத்துக்கு 28 முதல் 44 வரையும், மூச்சு 8 முதல் 16 வரையும், வெப்பநிலை 37.5 முதல் 38.5 பாகை வரையும் இருக்கும். வயிற்றுவலியில் உருளும் முதிய குதிரையின் நாடி 80ஐத் தாண்டி, ஈறு ஊதாவாகக் கறுத்து, விரலால் அழுத்திய இடத்தில் இரண்டு செக்கனுக்குள் இரத்தம் திரும்பாவிட்டால், பிழைக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. கீழ்த்தாடை எலும்பின் உள்விளிம்பில் விரல் வைத்து நாடி பார்க்க இன்றே பழகிக்கொள்ளுங்கள்.

"உயிரை எடுக்க நாம் யார், அதுவாகப் போகட்டும்" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். அந்தச் சொல்லில் இரக்கம் இருக்கிறது, ஆகவே மதித்தே பதில் சொல்ல வேண்டும். நாயோ பூனையோ ஒரு மூலையில் சுருண்டு படுத்து அடங்கிப்போகலாம். குதிரைக்கு அது வாய்ப்பதில்லை. முந்நூறு நானூறு கிலோ உடம்பு ஒரே பக்கமாகக் கிடந்தால், அதன் சொந்தப் பாரமே அடிப்பக்கச் சதையை நசுக்கும், நுரையீரலை அழுத்தும். எழும்ப முயன்று முயன்று தலையை நிலத்தில் மோதி, கண்ணைப் புண்ணாக்கிக்கொள்ளும். இரண்டு மூன்று நாள் இப்படிக் கிடக்கும். காகம் அதுவரை பொறுத்திருக்காது. இதை வீட்டில் எல்லோரும் அறிந்த பிறகு எடுக்கும் முடிவில் பிற்பாடு பழிச்சொல் குறைவாக இருக்கும்.

வைத்தியரோடு முன்பே பேச வேண்டியவை

உங்கள் பிரதேசத்து அரச கால்நடை வைத்திய அலுவலகத்தில் முதலில் கேளுங்கள். அங்கே பெரும்பாலும் மாடு, ஆடு, கோழி வேலைதான் நடக்கும். குதிரை அனுபவம் உள்ளவரின் பெயரை அவர்களே சொல்வார்கள். பந்தயக் குதிரைகளைப் பார்க்கும் வைத்தியர்கள் உண்டு. பேராதனைப் பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவ பீடத்திலும் ஆலோசனை கேட்கலாம். ஆனால் இந்தக் காரியத்துக்காகத் தள்ளாடும் குதிரையை லொறியில் ஏற்றி இறம்பொடை வளைவுகளில் இறக்க வேண்டாம். வழியிலேயே விழும், விழுந்த குதிரையை லொறிக்குள் தூக்கி நிறுத்த வழியே கிடையாது.

சில வைத்தியர்கள் தங்கள் சமய நம்பிக்கை காரணமாக இதைச் செய்வதில்லை. அது அவர்களின் உரிமை. அதைக் கடைசி இரவில் அறிவதற்குப் பதில் முன்பே அறிந்துகொண்டால் வேறொருவரைத் தேட அவகாசம் இருக்கும். இவற்றையும் கேட்டு எழுதி வையுங்கள்: என்ன மருந்து பாவிப்பார்? கையிருப்பில் இருக்கிறதா, வரவழைக்க எத்தனை நாள்? இரவில் வருவாரா? அவர் வர ஏலாவிட்டால் யார்?

மருந்துக்குக் குதிரையின் நிறை தெரிய வேண்டும். கண்மதிப்பில் எல்லோரும் பிழை விடுவோம், மெலிந்த குதிரையில் இன்னும் கூடுதலாக. தையல் நாடாவால் முன்கால்களுக்குப் பின்னே நெஞ்சுச் சுற்றளவை அளவுங்கள். தோள்முனையிலிருந்து பிட்டமுனை வரை நீளத்தை அளவுங்கள். இரண்டும் சென்ரிமீற்றரில். சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, வருவதை நீளத்தால் பெருக்கி, 11,880 ஆல் வகுத்தால் நிறை கிலோவில் கிடைக்கும். சுற்றளவு 160, நீளம் 140 என்றால் ஏறக்குறைய 302 கிலோ.

கழுத்து நாளங்களையும் வைத்தியர் முன்பே பார்க்கட்டும். பல ஆண்டு ஊசி ஏறிய குதிரைக்கு ஒரு பக்க நாளம் தடித்து அடைபட்டிருக்கலாம். அது அன்று காலையில்தான் தெரியவந்தால், குத்திக் குத்தித் தேடும்போதே குதிரை கலவரப்பட்டுவிடும்.

குழி: முதலில் முடிக்க வேண்டிய காரியம்

மலையகத்தில் இதுதான் எல்லாவற்றிலும் கடினம். சொந்த நிலம் குறைவு, இருப்பதும் சரிவு, சரிவுக்குக் கீழே யாரோ ஒருவரின் குடிநீர் ஊற்று.

தோட்டத்து நிலமென்றால் நிர்வாகத்திடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். கங்காணியோ கணக்கப்பிள்ளையோ வாயால் சொன்னது போதாது. நகரத்துக்குள் என்றால் மாநகர சபை, வெளியே என்றால் பிரதேச சபை. இரண்டு இடத்திலும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் இடத்தைக் காட்டுங்கள். கிராம உத்தியோகத்தருக்கும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். இதையெல்லாம் குதிரை நின்று தின்றுகொண்டிருக்கும்போதே செய்ய வேண்டும்.

இடம் தெரிவுசெய்யும்போது ஊற்று, கிணறு, ஓடை, தோட்டத்துக் கான் எதற்கும் குறைந்தது 50 மீற்றர் தள்ளியிருக்கட்டும், சரிவில் மேலே இருந்தால் அதைவிடக் கூடுதலாக. மண்சரிவு அபாயம் என்று அடையாளமிட்ட சரிவில் பெரிய குழி வெட்டவே கூடாது. லயத்துக்கு மேலே உள்ள மண்மேட்டையும் தொடாதீர்கள். ஒரு அலவாங்கால் இரண்டு மூன்று இடத்தில் குத்திப் பாருங்கள். ஒரு மீற்றருக்குள் பாறை தட்டினால் வேறு இடம் தேடுங்கள். சிறிய சோதனைக் குழி வெட்டி ஓர் இரவு விட்டுப் பாருங்கள். காலையில் அடியில் தண்ணீர் நின்றால் அந்த இடமும் ஆகாது.

அளவு: நீளம் 3 மீற்றர், அகலம் 2 மீற்றர், ஆழம் 2.5 மீற்றருக்குக் குறையாமல். மட்டக்குதிரைக்கு நீள அகலத்தைக் கொஞ்சம் குறைக்கலாம், ஆழத்தைக் குறைக்கக் கூடாது. உடம்புக்கு மேலே குறைந்தது ஒரு மீற்றர் மண் நிற்க வேண்டும். ஆழம் குறைந்தால் நாயும் காட்டுப்பன்றியும் தோண்டும். உயிரை முடிக்க வைத்தியர் வழமையாக ஏற்றும் பென்டோபார்பிடால் மருந்து சடலத்தில் நெடுங்காலம் அழியாமல் இருக்கும், அதைத் தின்னும் விலங்கு எதுவானாலும் சாகும். மலையகத் தேயிலைக் காடுகளில் சிறுத்தை நடமாடுகிறது என்பதை நினைவில் வையுங்கள். இதே காரணத்தால் அந்த இறைச்சியை மனிதரும் உண்ணக் கூடாது, நாய்களுக்கும் போடக் கூடாது.

மேற்சொன்ன அளவில் 15 கனமீற்றர் மண் வெளியே வரும். பெக்கோ எந்திரம் வர வழியிருந்தால் அதையே பிடியுங்கள். மண்வெட்டியால் என்றால் நாலு பேருக்கு இரண்டு நாள் வேலை. ஒன்றரை மீற்றருக்குக் கீழே போகும்போது பக்கச் சுவர் சரிந்து ஆளை மூடிவிடும் ஆபத்து உண்டு. சுவரைப் படிபோல வெட்டி இறங்குங்கள், ஒருவர் எப்போதும் மேலே நிற்கட்டும். முதல்நாள் பின்னேரமே வெட்டி முடித்து, குறுக்கே மரம் போட்டுப் படங்கால் மூடுங்கள். மேல்பக்கத்தில் ஒரு சிறு கான் வெட்டி மழைநீரைத் திருப்பிவிடுங்கள். வெட்டிய மண்ணை மேல்சரிவில் குவிக்காதீர்கள், ஒரு மழைக்கே அது குழிக்குள் இறங்கிவிடும்.

குழி வெட்ட வழியே இல்லாத நகரப் பகுதியில், சடலத்தை எங்கே கொண்டுபோவது என்று சபையோடு பேசி, லொறியையும் தூக்க ஆட்களையும் முன்பே ஒழுங்குசெய்யுங்கள். எரிப்பது பற்றிச் சிலர் கேட்பார்கள். அவ்வளவு பெரிய உடம்பை வெட்டவெளியில் முழுதாக எரிப்பது நடைமுறையில் ஆகாத காரியம்.

அன்றைய காலை

காலை எட்டு, ஒன்பது மணி நல்ல நேரம். நுவரெலியாப் பக்கம் மத்தியானத்துக்குப் பிறகு மூடுபனியும் மழையும் இறங்கும், நனைந்த தரையில் குதிரைக்கும் ஆளுக்கும் கால் வழுக்கும். காலையில் நடந்தால் வெளிச்சத்திலேயே புதைத்தும் முடிக்கலாம்.

ஊசி போடும் இடம் குழியிலிருந்து ஐந்தாறு மீற்றருக்குள், சமதரையாக, புல் அல்லது மென்மண்ணாக இருக்க வேண்டும். சமதரை இல்லாவிட்டால் 5 மீற்றருக்கு 5 மீற்றர் வெட்டிச் சமப்படுத்துங்கள். குழியின் விளிம்பிலேயே நிறுத்தாதீர்கள். குதிரை குழியைக் கண்டு மிரளும், விழும்போது பாதியில் உருண்டு உள்ளே போகலாம், வைத்தியர் இரண்டாவது ஊசி போட வேண்டி வந்தால் எட்டவே முடியாது. லாயத்துக்குள் செய்வதும் பிழை. சுவருக்கும் குதிரைக்கும் நடுவே ஆள் மாட்டிக்கொள்ளும், பிறகு சடலத்தை எடுக்கக் கதவு நிலையை உடைக்க வேண்டி வரும்.

வைத்தியர் ஒருவர், குதிரையைப் பிடிப்பவர் ஒருவர், உதவிக்கு ஒருவர் போதும். பிடிப்பவர் அதை நேசிப்பவராகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. கை நடுங்காதவராக இருக்க வேண்டும். கூடவே நிற்க விரும்புபவர் மயக்க ஊசி வேலைசெய்யும் வரை கழுத்தைத் தடவிக்கொண்டு நின்று, பிறகு பத்தடி விலகலாம். வேடிக்கை பார்ப்பவர்களையும் கைபேசியில் படம் எடுப்பவர்களையும் தூரத்திலேயே நிறுத்த ஒரு ஆளைப் போடுங்கள்.

வலிநிவாரணியை அன்று காலையும் வழமைபோலக் கொடுக்கலாமா என்று வைத்தியரிடம் கேளுங்கள், பெரும்பாலும் கொடுக்கச் சொல்வார். வழமையான தீனி கொடுங்கள். விருப்பமானதும் கொடுங்கள், ஒரு வாழைப்பழம், கித்துள் கருப்பட்டித் துண்டு. மயக்க ஊசிக்குப் பிறகு வாயில் எதுவும் வைக்க வேண்டாம். வால்மயிரோ பிடரிமயிரோ நினைவுக்கு வேண்டுமென்றால் இப்போதே வெட்டிக்கொள்ளுங்கள். கடிவாளத்தைக் கழற்றி, 3 மீற்றர் கயிற்றோடு தலைக்கயிறு மட்டும் போடுங்கள். கயிற்றைக் கையில் சுற்றிப் பிடிக்கவே கூடாது.

இனி வைத்தியர் செய்வது. கழுத்து நாளத்தில் மயிரை வழித்து, அகலமான 14 அளவுக் குழாயூசியைச் செருகித் தைத்துவிடுவார். இதைச் சோம்பலால் தவிர்ப்பவர்கள் உண்டு. வெறும் ஊசியால் போடும்போது குதிரை ஒரு அடி நகர்ந்தால் மருந்து நாளத்துக்கு வெளியே போய்விடும், ஆகவே குழாயூசி போடுமாறு பணிவாகக் கேளுங்கள். அடுத்து மயக்கமருந்து, வழமையாகச் சைலசீன், கிலோவுக்கு ஏறக்குறைய 1 மில்லிகிராம். மூன்றிலிருந்து ஐந்து நிமிடத்தில் தலை தாழும், உதடு தொங்கும். அப்போதும் சத்தத்துக்குத் திடுக்கிட்டு உதைக்கக்கூடும், ஆகவே பின்பக்கம் யாரும் போக வேண்டாம்.

பிறகு பென்டோபார்பிடால். மில்லிலீற்றருக்கு 390 மில்லிகிராம் உள்ள கரைசலென்றால் 4.5 கிலோ நிறைக்கு 1 மில்லிலீற்றர் கணக்கு. 300 கிலோ மட்டக்குதிரைக்கு 67 மில்லிலீற்றர், 450 கிலோ பந்தயக் குதிரைக்கு 100 மில்லிலீற்றர். இதற்கு மேலதிகமாக, இந்த அளவில் ஐந்தில் ஒரு பங்கை இன்னொரு சிரிஞ்சில் ஏற்றித் தயாராக வைத்திருக்க வேண்டும். பிடிப்பவர் தோளுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும், குதிரைக்கு நேர் முன்னால் ஒருபோதும் நிற்கக் கூடாது. மருந்து ஏறி அரை நிமிடத்தில், சிலநேரம் கொஞ்சம் கூடுதலாகச் சென்று, முழங்கால் மடங்கும். தலையைக் கீழ்நோக்கி மெல்லிய பிடியில் வைத்திருந்து, சாயத் தொடங்கியதும் கயிற்றை விட்டு விலகுங்கள். நானூறு கிலோவைத் தாங்கிப் பிடிக்க நினைக்காதீர்கள்.

பென்டோபார்பிடால் கிடைக்காத இடத்தில், வைத்தியர் சைலசீனுக்குப் பிறகு கெட்டமின் கொடுத்துக் குதிரையை முழு மயக்கத்தில் படுக்கவைத்து, அதன் பின் பொட்டாசியம் குளோரைட் கரைசலால் இதயத்தை நிறுத்துவார். முறையாகச் செய்தால் இதிலும் வலி இல்லை. ஆனால் முழு மயக்கத்தில் இல்லாத குதிரைக்குப் பொட்டாசியத்தை நேரடியாக ஏற்றுவது கொடிய வதை. யாராவது "மலிவான வழி இருக்கிறது" என்று வந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள். தேயிலைக்கு அடிக்கும் பூச்சிமருந்தைப் பற்றிப் பேசுகிறவருக்கும் அதே பதில்தான்.

பார்க்கக் கடினமானவை, உண்மையில் பிழையானவை

இந்த இரண்டையும் பிரித்தறிவதுதான் பிற்பாடு உங்கள் தூக்கத்தைக் காப்பாற்றும்.

குதிரை விழுந்த பிறகு பெருமூச்சுப் போன்ற இழுப்புகள் வரலாம், சில நிமிட இடைவெளியிலும் வரலாம். தோள், தொடைச் சதை துடிக்கும். கால் ஒருமுறை நீளும். கண் திறந்தே இருக்கும். சிறுநீர் போகும். இதயம் இன்னும் சில நிமிடம் துடிக்கும். இவை எல்லாம் மூளை உணர்விழந்த பின் உடம்பில் மிஞ்சும் அசைவுகள். அந்தப் பெருமூச்சு பார்ப்பவரை உலுக்கிவிடும், ஆனால் குதிரை அதை உணர்வதில்லை. வைத்தியர் கண்மணியை மெல்லத் தொட்டுப் பார்ப்பார். இமை அசையாவிட்டால் உணர்வில்லை என்று அர்த்தம்.

உண்மையில் பிழையாகப் போவது வேறு. ஊசி போட்டு ஒன்றிரண்டு நிமிடமாகியும் குதிரை தள்ளாடிக்கொண்டே நிற்கும், சிலநேரம் பின்கால்களில் எழும்பும், அல்லது விழுந்த பின் தலையைத் தூக்கும். காரணங்கள் பெரும்பாலும் இவைதான். மருந்தின் ஒரு பகுதி நாளத்துக்கு வெளியே போயிருக்கும். நிறையைக் குறைத்து மதித்திருப்பார்கள். மருந்தை மெதுவாக ஏற்றியிருப்பார்கள், அப்போது உணர்வு மங்குவதற்கு முன் ஒரு கலவர நிலை வரும். குதிரை ஏற்கெனவே பயந்து, வியர்த்து, துள்ளிக்கொண்டிருந்திருக்கும். முதிய குதிரையில் இன்னொன்றும் உண்டு: இதயம் தளர்ந்து, உடம்பு வறண்டு, குளிரில் இரத்த ஓட்டம் மந்தமாகியிருந்தால், கழுத்தில் ஏறிய மருந்து மூளைக்குப் போய்ச்சேரத் தாமதமாகும். மயக்கமருந்து அளவுக்கு மீறினாலும் இதே தாமதம் வரும்.

அந்த நேரத்தில் செய்ய வேண்டியது ஒன்றுதான்: எல்லோரும் விலகி, வைத்தியருக்கு இடம் விடுங்கள். தயாராக உள்ள இரண்டாவது சிரிஞ்சை அவர் உடனே ஏற்றுவார். குதிரையைப் பிடித்து அமுக்கவோ கயிற்றால் இழுக்கவோ போனால் ஆளுக்குக் கால் உடையும். கத்தாதீர்கள். மருந்து யாருடைய கையிலோ கண்ணிலோ தெறித்தால் உடனே ஓடும் தண்ணீரில் கழுவி வைத்தியசாலைக்குப் போங்கள், அது மனிதருக்கும் உயிர்க்கொல்லி.

இறந்ததை உறுதிசெய்யாமல் யாரும் மண்ணைத் தொடக் கூடாது. இதயத்துடிப்பு மானியை வைத்து ஐந்து நிமிடம் தொடர்ந்து துடிப்பில்லை, கண் அசைவில்லை, மூச்சில்லை, ஈறு சாம்பல் நிறம் என்று வைத்தியர் வாயால் சொல்ல வேண்டும். பத்து நிமிடம் கழித்து மறுபடி ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். அவர் அதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

முன்கூட்டியே விழுந்துவிட்டால்

எல்லாத் திட்டத்தையும் மீறி ஒரு இரவில் குதிரை விழுந்துவிடலாம். வைத்தியர் வரும்வரை, முடிந்தால் நெஞ்சில் நிமிர்ந்து படுக்குமாறு இரு பக்கமும் வைக்கோல் சாக்குகளால் முட்டுக்கொடுங்கள். தலைக்குக் கீழே சாக்கு மடித்து வையுங்கள், நிலத்துப் பக்கக் கண்ணைத் துணியால் காப்பாற்றுங்கள். கம்பளியாலும் படங்காலும் மூடுங்கள். முதுகுப் பக்கமாகவே நில்லுங்கள், கால்கள் இருக்கும் பக்கம் போகாதீர்கள். கழுத்தில் கயிறு கட்டியோ வாலைப் பிடித்தோ இழுத்து நிறுத்த முயல வேண்டாம். படுத்த நிலையிலேயே ஊசி போடலாம், அது குதிரைக்கு எளிதும்கூட. வீதியில் நடந்த விபத்தென்றால் 119க்கு அழைத்துப் போக்குவரத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு வைத்தியரைத் தேடுங்கள்.

புதைத்தல்

உடம்பு விறைக்க முன், ஓரிரு மணித்தியாலத்துக்குள் கால்களை மடக்குங்கள். தடித்த படங்கை அடியில் செருகி, அதோடு இழுத்தால் தோல் உராயாது. பெக்கோ இருந்தால் வாளியால் நெட்டித் தள்ளாமல், நான்கு கால்களையும் அகலப் பட்டியால் சேர்த்துக் கட்டி இறக்கச் சொல்லுங்கள். லாடம் வேண்டுமென்றால் இப்போது கழற்றலாம். வயிற்றில் வாயு சேர்ந்து மண்ணைத் தூக்காமல் இருக்க, வைத்தியர் வயிற்றில் ஒரு கீறல் போடுவார். வீட்டார் அதைப் பார்க்கத் தேவையில்லை, அந்த நேரத்தில் தேநீர் குடிக்க உள்ளே போகலாம்.

மாலை போடவும், மஞ்சள் நீர் தெளிக்கவும், கற்பூரம் காட்டவும் விரும்பினால் மண் தள்ளுவதற்கு முன் செய்யுங்கள். காய்ந்த பத்தனைப் புல்லுக்குப் பக்கத்தில் தீயை விட்டுவிட்டு வராதீர்கள். சுண்ணாம்பு போடுவது வழக்கம். அது வாடையைக் கொஞ்சம் அடக்கும், உடம்பு மக்குவதை விரைவாக்காது. மண்ணைத் தரைமட்டத்துக்கு மேலே அரை மீற்றர் மேடாகக் குவியுங்கள். மாதங்கள் போகப் போக மேடு அமிழும், பெருமழைக்குப் பிறகு போய்ப் பார்த்து மண் போடுங்கள். மரம் நட விரும்பினால் ஒரு வருடம் பொறுங்கள்.

வீட்டில் உள்ளவர்களுக்கு

பிள்ளைகளிடம் "ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறது", "தூங்குகிறது" என்று சொல்லாதீர்கள். குதிரை திரும்பி வருமென்று பிள்ளை காத்திருக்கும், அல்லது தூங்கவே பயப்படும். "மிகவும் வயதாகிவிட்டது, வலி தாங்க ஏலாமல் போனது, வைத்தியர் வலியில்லாமல் சாக உதவினார்" என்று சொன்னால் ஆறு வயதுப் பிள்ளைக்கும் விளங்கும். ஊசி போடும்போது சிறு பிள்ளைகள் நிற்க வேண்டாம். புதைக்கும்போது வர விரும்பினால் வரட்டும்.

நடந்தது கடினமாக இருந்திருந்தால் அன்றிரவே எழுதி வையுங்கள்: எத்தனை மணிக்கு எந்த ஊசி, எப்போது விழுந்தது, பிறகு என்ன பார்த்தீர்கள். இரண்டு மூன்று நாள் கழித்து வைத்தியரிடம் அந்தத் தாளைக் கொண்டுபோய், எந்த நிமிடத்தில் குதிரை உணர்விழந்தது, அதற்குப் பின் வந்தவை என்ன, எது பிழையாகப் போனது, ஏன் என்று கேளுங்கள். மனம் ஒரு காட்சியை மட்டும் பிடித்துக்கொண்டு திரும்பத் திரும்பக் காட்டும். பெரும்பாலும் அது அந்தப் பெருமூச்சாகவோ திறந்த கண்ணாகவோ இருக்கும். அந்த நிமிடத்தில் குதிரைக்கு வலி இல்லை என்பதை வைத்தியர் வாயால் கேட்பது வேறு எந்த ஆறுதலையும்விடப் பலன் தரும். உண்மையிலேயே பிழை நடந்து, அது ஒரு நிமிடம் பயந்திருந்தால், அதையும் மறைக்காமல் கேட்டறியுங்கள். ஒரு நிமிடத்தை ஒரு நிமிடமாகவே மனத்தில் வைக்க முடியும். தெரியாமல் விட்டால் அது வளர்ந்துகொண்டே போகும்.

குதிரை ஏற்றிப் பிழைக்கும் குடும்பத்தில் துக்கத்தோடு வருமானக் கவலையும் சேர்ந்து வரும். "வருமானம் போனதற்காக அழுகிறாயா" என்று அவரிடம் யாரும் கேட்கக் கூடாது. இரண்டும் ஒரே குதிரைதான். ஒரு மாதம் கடந்தும் தூக்கமில்லை, சாப்பாடில்லை, லாயப் பக்கமே போக முடியவில்லை என்றால் வைத்தியசாலையில் பேசுங்கள். தேசிய மனநல உதவிச் சேவைக்கு 1926 என்ற இலக்கத்தில் அழைக்கலாம்.

கூட இருந்த குதிரை

மீதமுள்ள குதிரைக்குச் சடலத்தைக் காட்டுங்கள். ஊசி போடும் நேரத்தில் அல்ல, இறந்ததை உறுதிசெய்த பிறகு. நீண்ட கயிற்றில் கொண்டுவந்து, முகர்ந்து பார்க்க அரை மணித்தியாலமாவது விடுங்கள். சில குதிரைகள் உடனே திரும்பிப் புல் மேயும், சில நெடுநேரம் நிற்கும். காட்டாமல் விட்டால் நாட்கணக்கில் கனைத்து, வேலியோரம் ஓடித் தேடும். அடுத்த ஒரு கிழமைக்கு அது எவ்வளவு தின்கிறது, எவ்வளவு சாணமிடுகிறது என்று கவனியுங்கள். தனியாக விடாமல், முடிந்தால் பக்கத்துக் குதிரையின் அருகே கட்டுங்கள், இல்லாவிட்டால் ஒரு ஆட்டையாவது கூட விடுங்கள். ஒரு முழுநாள் தீனியைத் தொடாவிட்டால் துக்கம் என்று விட்டுவிடாமல் வைத்தியரை அழையுங்கள். தின்னாத குதிரைக்கு வயிற்றுவலி எப்போதும் பக்கத்தில்தான் நிற்கிறது.